எடுத்து வளர்க்கிற நாயைப் பழைய சொந்தக்காரர் திருப்பிக் கேட்டால்?

ஆரையூரான் கேட்டது:

வீட்டில் ஒரு பெட்டை நாய் நிற்கிறது. லப்ரடோர் கலப்பு, மண்ணிறம், மூன்று வயது மட்டில். போன வருடம் மட்டக்களப்பு கல்லடியில் ஒரு தம்பி தந்தவர். "அக்கா கட்டாருக்குப் போயிட்டா, எனக்கும் கொழும்பில வேலை, பார்க்க ஆளில்லை, நீங்களே வைச்சிருங்க" என்று சொல்லித் தடுப்பூசி அட்டையையும் கையில் தந்தார். காசு வாங்கவில்லை, கடிதமும் எழுதவில்லை. ஆரையம்பதிக்குக் கொண்டுவந்தபின் பின்னங்கால் முறிவுக்கு வைத்தியம் பார்த்தோம், கருத்தடையும் செய்வித்தோம். பில் எல்லாம் இருக்கு.

இப்போது அந்த அக்கா ஊருக்கு வந்துவிட்டா. நாய் தன்னுடையது, தம்பிக்குக் குடுக்க உரிமை இல்லை, தராவிட்டால் களவு என்று பொலிஸில் என்ட்ரி போடுவேன் என்கிறா. குட்டி எடுக்க வைத்திருந்த நாயைக் கருத்தடை செய்ததற்கு நட்டஈடும் கேட்கிறா. இது போதாதென்று, பேஸ்புக் படத்தைப் பார்த்த நாவற்குடாக்காரர் ஒருவர், இது தங்கள் வீட்டில் நாலு மாதக் குட்டியாக இருக்கும்போது காணாமல்போன நாய் என்கிறார்.

நாய் சட்டப்படி யாருடையது? பொலிஸ் வந்து தூக்கிக்கொண்டு போகலாமா? செலவழித்த காசு கிடைக்குமா? பிள்ளைகள் நாயோடு ஒட்டிவிட்டதுகள். ஆனாலும் அடுத்தவருடைய பொருளை வைத்திருக்கவும் மனமில்லை. விசயம் தெரிந்த அண்ணாமார், அக்காமார் சொல்லுங்கள்.

---

வழக்கேடு:

நீங்கள் எழுதிய விவரப்படி இது களவு இல்லை. தண்டனைச் சட்டக்கோவையின் 366ஆம் பிரிவில் களவு என்றால், ஒரு பொருளை இன்னொருவரின் கையிருப்பிலிருந்து அவருடைய சம்மதம் இல்லாமல் நேர்மையீனமாக எடுப்பது. நாய் தம்பியின் கையிருப்பில் நின்றது, அவரே மனமொத்துத் தந்தார், நீங்கள் அவரை நம்பி வாங்கினீர்கள். களவுக் குற்றம் இதில் நிற்காது. அக்கா நம்பி ஒப்படைத்த பொருளைத் தம்பி கைமாற்றினார் என்ற கேள்வி வந்தால், அது நம்பிக்கை மோசடியைச் சொல்லும் 388ஆம் பிரிவு. அது அவர்கள் இருவருக்கும் இடையிலான விசயம்.

குற்றம் இல்லை என்பதற்காக நாய் உங்களுடையது என்றாகிவிடாது. பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான். இலங்கையில் சொத்துரிமைக்கு அடிப்படை ரோமன் டச்சுச் சட்டம். அதன்படி நாய் ஓர் அசையும் சொத்து. தன்னிடம் இல்லாத உரிமையை ஒருவர் மற்றவருக்குக் கொடுக்க முடியாது. 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டமும் இதே அடிப்படையில்தான் போகிறது. காசு கொடுத்து வாங்கியிருந்தாலும் விற்றவருக்கு இல்லாத உரிமை வாங்கியவருக்கு வராது. ஆகவே நீங்கள் நல்ல மனதோடு வாங்கினீர்களா என்பதை விட, தம்பிக்குக் கொடுக்க அதிகாரம் இருந்ததா என்பதுதான் பெரிய கேள்வி. மூன்று விதமாக இருக்கலாம்.

நாய் உண்மையில் தம்பியுடையதாக இருந்தால் விசயம் முடிந்தது. அசையும் பொருளை அன்பளிப்பாகக் கொடுத்து, மற்றவர் ஏற்று, கையில் வாங்கினால் அன்பளிப்பு நிறைவாகிவிடும், உறுதி எழுதத் தேவையில்லை. பிறகு மனம் மாறியது என்று திருப்பிக் கேட்க முடியாது.

நாய் அக்காவுடையது, ஆனால் "பார்க்க ஏலாட்டி யாருக்காவது குடுத்திரு" என்று அவவே தம்பியிடம் சொல்லியிருந்தால், தம்பி அவவின் முகவர். அப்போதும் அன்பளிப்புச் செல்லும். தம்பியின் வட்ஸ்அப்பில் அப்படி ஒரு செய்தி, குரல்பதிவு இருக்கிறதா என்று உடனே கேளுங்கள். 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்று விசேட ஏற்பாடுகள் சட்டமும் 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டமும் இப்படியான பதிவுகளைச் சான்றாக ஏற்க இடம் தருகின்றன. ஸ்கிரீன்ஷொட் மட்டும் எடுத்து வைக்காதீர்கள். உரையாடல் முழுவதையும் ஏற்றுமதி செய்து வையுங்கள். வெட்டி எடுத்த துண்டு என்று மறுபக்கம் சொல்ல இடம் வைக்கக்கூடாது.

"நான் வரும்வரை பார்த்துக்கொள்" என்று சொல்லிப் போயிருந்தால் நாய் அவவுடையதாகவே இருக்கும். அது ஒப்படைப்பு, கைவிடல் இல்லை. ஒரு பொருள் கைவிடப்பட்டதாக வேண்டுமென்றால், இனி எனக்கு வேண்டாம் என்ற எண்ணம் சொந்தக்காரருக்கு இருந்திருக்க வேண்டும். வெளிநாடு போனது மட்டும் அந்த எண்ணத்தைக் காட்டாது. ஆனால் எத்தனை மாதம் சாப்பாட்டுக்குக் காசு அனுப்பினா, நாயைப் பற்றி எப்போதாவது விசாரித்தாவா என்பதெல்லாம் அந்த எண்ணத்தை அளக்க உதவும்.

கருத்தடை நட்டஈட்டுக்கு வருகிறேன். உரிமைக் கோரிக்கை எதுவும் தெரியாத காலத்தில், நல்லெண்ணத்தோடு வைத்திருந்தவர் பராமரிப்பாகச் செய்த காரியம் அது. அதற்கு உங்களிடம் நட்டஈடு கேட்பது மிகப் பலவீனமான கோரிக்கை. மறுபுறம், நாயைக் கொடுக்க வேண்டி வந்தால் அவசியச் செலவை நீங்கள் கேட்கலாம். கால் முறிவுக்கான வைத்தியம் அந்த வகைக்குள் நன்றாக அடங்கும். தினசரிச் சாப்பாட்டுக் கணக்கைப் போட்டு நீட்டாதீர்கள், நாயோடு வாழ்ந்த பயனும் உங்களுக்குக் கிடைத்ததே என்று கேட்பார்கள்.

இன்னொன்று. "பத்து வருடம் வைத்திருந்தால் சொந்தம்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். காலாவதிக் கட்டளைச் சட்டத்தின் அந்தப் பத்து வருடம் காணி போன்ற அசையாச் சொத்துக்கு.

---

கால்நடைப் பக்கம்:

சட்டத்தை வழக்கேடு அண்ணன் விளக்கிவிட்டார். நாவற்குடாக்காரரின் கோரிக்கையைப் பற்றி நான் சொல்கிறேன். அங்கே முதல் கேள்வி இது அதே நாய்தானா என்பது. மண்ணிற லப்ரடோர் கலப்பு மட்டக்களப்பில் ஒழுங்கைக்கு ஒன்று கிடைக்கும்.

படத்தைப் பார்த்து யாரும் உரிமை கோரலாம். அதனால் அவர் சொல்ல முதல் நீங்கள் எதையும் காட்டக்கூடாது. குட்டியின் அடையாளங்களை எழுத்தில் கேளுங்கள்: நெஞ்சில் வெள்ளை இருந்ததா, எந்தக் கால் விரலில், வால் நுனி எப்படி, பின்னங்காலில் மேலதிக விரல் இருந்ததா, நாக்கில் கறுப்புப் புள்ளி இருந்ததா, பழைய காயம் எங்கே. படங்களில் தெரியாத ஓர் அடையாளத்தையாவது அவர் தானாகச் சொன்னால் கோரிக்கைக்குப் பாரம் வரும். இனிமேல் யார் கண்டெடுத்த நாயின் படம் போட்டாலும் ஓர் அடையாளத்தை மறைத்தே போடுங்கள்.

பிறகு வயதுக் கணக்கு. நாய்க்குப் பாற்பல் விழுவது மூன்றாம் மாதம் தொடக்கம் ஆறேழு மாதம் வரை. நிலைத்த வேட்டைப்பல் ஐந்தாறு மாதத்தில் முளைக்கும். நாலு மாதத்தில் தொலைந்தது என்கிறார் அல்லவா? எந்தத் திகதியில் என்று கேளுங்கள். உங்கள் அட்டையின் முதல் தடுப்பூசிப் பதிவு, அந்த நேரத்தில் கல்லடி வீட்டில் எடுத்த படங்கள், இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். அவர் குட்டி தொலைந்த திகதிக்கு முன்னரே கல்லடியில் இந்த நாய்க்கு ஊசி போட்டிருந்தால் வேறு பேச்சே தேவையில்லை. வளர்ந்த நாயின் பல்லை வைத்து இரண்டு வயதா மூன்று வயதா என்று திட்டமாகச் சொல்ல முடியாது, அந்த வாக்குவாதத்துக்குள் போகாதீர்கள்.

தடுப்பூசி அட்டையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. நம்முடைய பக்கத்து அட்டைகளில் பெரும்பாலும் "பெட்டை, பிறவுண்" என்று ஒரு வரிதான் இருக்கும். அது எந்த மண்ணிறப் பெட்டைக்கும் பொருந்தும். அட்டைக்குப் பாரம் கொடுப்பது அதில் ஒட்டியிருக்கும் மருந்துக்குப்பியின் தொகுதி இலக்கம், திகதி, கையொப்பம். ஊசி போட்ட இடத்தில் பதிவேடு இருந்தால் எந்தப் பெயரில், எந்த முகவரியில் நாய் வந்தது என்பதும் தெரியும். அக்காவின் கோரிக்கைக்கும் இதே பதிவு பயன்படும்.

மைக்ரோசிப்பையும் பார்த்துவிடுங்கள். நம் நாட்டில் அது எல்லா நாய்க்கும் கட்டாயமில்லை, ஆனால் விலை கொடுத்து வாங்கிய குட்டிக்கு இருக்கலாம். ஊசியால் தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்குக் கீழே வைப்பார்கள். நாளடைவில் முன்னங்கால் பக்கமோ நெஞ்சுப் பக்கமோ இறங்கியிருக்கலாம். கழுத்துப் பட்டியின் இரும்பைக் கழற்றிவிட்டு, கருவியை மெதுவாக முதுகு, இரண்டு தோள், நெஞ்சு என்று ஓட்டச் சொல்லுங்கள். 15 இலக்கம் வரும். அந்த இலக்கத்தில் ஆளின் பெயர் இராது. எந்தப் பதிவேட்டில் யார் பெயரில் ஏற்றினார்கள் என்று தேட வேண்டும். ஏற்றவே இல்லை என்றால் சிப் வைத்த வைத்தியரின் பில்தான் சான்று.

"பெயர் சொல்லிக் கூப்பிடுவோம், யாரிடம் ஓடுகிறது பார்ப்போம்" என்று ஊரில் ஒரு வழக்கம் இருக்கிறது. லப்ரடோர் இரத்தம் ஓடுகிற நாய், பாணோடு வருகிற எவரிடமும் ஓடும். அதை ஆதாரமாக எடுக்காதீர்கள்.

கருத்தடை செய்ததற்கு அடையாளமாகக் காதில் முக்கோண வெட்டு இருந்தால் தெருநாய், சொந்தக்காரர் இல்லை என்று நினைப்பதும் பிழை. முகாமில் கருத்தடைக்குக் கொண்டுபோன வீட்டு நாய்க்கும் அந்த வெட்டு விழுந்திருக்கலாம்.

---

ஆரையூரான்:

இரண்டு பேருக்கும் நன்றி. நாவற்குடா ஆள் சொன்ன மாதத்துக்கு இரண்டு மாதம் முந்தியே அட்டையில் முதல் ஊசி இருக்கு. அவருக்கு அட்டையின் படம் அனுப்பினேன், ஏற்றுக்கொண்டார்.

அக்கா விசயத்தில் ஒன்று சொல்ல விட்டுப்போச்சு. நாய் வந்த முதல் மாதம் பேஸ்புக்கில் படம் போட்டபோது அவ "நல்ல இடத்துக்குப் போயிருக்கு, சந்தோசம்" என்று எழுதியிருந்தா. கால் வைத்தியமும் கருத்தடையும் அதற்குப் பிறகுதான். இப்போது அந்தக் கருத்தை அழித்துவிட்டா, என்னிடம் ஸ்கிரீன்ஷொட் இருக்கு. பிரச்சினை முடியும்வரை நாயைக் கல்முனையில் மாமி வீட்டில் விடலாமா?

---

வழக்கேடு:

விடாதீர்கள். கோரிக்கை உங்கள் காதுக்கு வந்த நாளில் இருந்து உங்கள் நிலை மாறிவிட்டது. அதுவரை நீங்கள் நல்லெண்ணத்தில் வைத்திருந்தவர். இனி நாயை ஒளித்தால், கைமாற்றினால், "ஓடிவிட்டது" என்று சொன்னால், நேர்மையீனம் என்று காட்ட மறுபக்கத்துக்கு நீங்களே ஆதாரம் கொடுத்த மாதிரி. நாயே இல்லாமல் போனாலும் அதன் பெறுமதியைக் கேட்டு வரலாம். நாய் ஆரையம்பதியில் வழமையான வளவிலேயே நிற்கட்டும். அவ வந்து பார்க்கக் கேட்டால் உங்கள் முன்னிலையில் பார்க்க விடுங்கள்.

அந்தப் பேஸ்புக் கருத்து பெரிய விசயம். சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, ஒருவர் தன் சொல்லாலோ செயலாலோ பேசாமல் இருந்ததாலோ மற்றவரை ஒன்றை நம்ப வைத்து, அந்த நம்பிக்கையில் நடக்கவும் வைத்தால், பிறகு அதை மறுத்துப் பேச அவரை விடாது. "நல்ல இடத்துக்குப் போயிருக்கு" என்று எழுதினா, நீங்கள் அதை நம்பிக் காசு செலவழித்தீர்கள். வரிசை சரியாகப் பொருந்துகிறது. வெறும் இதயக்குறி மட்டும் போட்டிருந்தால் இவ்வளவு பாரம் வராது. ஸ்கிரீன்ஷொட்டில் திகதியும் அவவின் கணக்குப் பெயரும் தெரிய வேண்டும். அந்தக் கருத்தைக் கண்ட வேறு ஒருவர் இருந்தால் அவரிடம் சத்தியக்கடதாசி எடுத்து வைக்கலாம்.

பொலிஸ் கூப்பிட்டால் போங்கள். இப்படியானவை சிறு முறைப்பாட்டுப் பிரிவில்தான் விசாரிக்கப்படும். பில், அட்டை, உரையாடல் எல்லாவற்றிலும் ஒரு பிரதி கொண்டுபோங்கள், மூலத்தைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். வாக்குமூலத்தைத் தமிழில் எழுதச் சொல்லி, வாசித்துப் பார்த்தபின் ஒப்பமிடுங்கள். யாருக்குச் சொந்தம் என்று தீர்மானிப்பது நீதிமன்றத்தின் வேலை, பொலிஸ் நிலையத்தின் வேலை இல்லை. அங்கே கிடைக்கும் நெருக்குதலில் "நாளைக்கே ஒப்படைக்கிறேன்" என்று எழுதிவிட்டு, வீட்டுக்கு வந்து மனம் மாறுவதுதான் அதிகம் நடக்கிற சிக்கல். மனமொத்துக் கொடுப்பதென்றால் அதையும் புத்தகத்தில் பதிவிட்டு, பதிவு இலக்கத்தோடு கொடுங்கள்.

அடுத்தது மத்தியஸ்த சபை, நம்மவர் இணக்கசபை என்று சொல்வது. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி, இப்படியான சிறு பெறுமதி அசையும் சொத்துப் பிணக்கு அங்கே போகாமல் நேரே நீதிமன்றத்துக்குப் போக முடியாது. உங்களுக்கு மண்முனைப்பற்றுச் சபை. சட்டத்தரணி அங்கே உங்களுக்காகப் பேச முடியாது, நீங்களே பேச வேண்டும். பெரும்பாலும் சனி, ஞாயிறில் பாடசாலைகளில் கூடுவார்கள். இணக்கம் வந்தால் எழுதி இருவரும் ஒப்பமிடலாம். வராவிட்டால் இணக்கமின்மைச் சான்றிதழ் தருவார்கள், அதோடுதான் வழக்கு. அதற்குள் ஆலோசனை வேண்டுமென்றால், வருமானம் குறைந்தவர்களுக்கு மட்டக்களப்பில் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையம் இருக்கிறது.

---

பாண்டிருப்பு மங்கை:

சட்டத்தில் நீங்கள் வெல்லலாம் போலத்தான் இருக்கு தம்பி. ஆனாலும் நீங்கள் கேட்டது அடுத்தவர் பொருளை வைத்திருக்க மனமில்லை என்பதையும் சேர்த்துத்தானே. அதைக் கொஞ்சம் கதைப்போம்.

வெளிநாட்டுக்குப் போகிற பெண்கள் நாயை, மாட்டை, சில வேளை பிள்ளையையே உறவுகளிடம் விட்டுவிட்டுத்தான் போகிறார்கள். அங்கிருந்து எதையும் தடுக்க அவர்களால் முடிவதில்லை. "நல்ல இடத்துக்குப் போயிருக்கு" என்று எழுதியது மனமொத்து எழுதியதாகவும் இருக்கலாம், கையாலாகாமல் எழுதியதாகவும் இருக்கலாம். இணக்கசபைக்குப் போக முதல் ஒரு தரம் நேரே கேளுங்கள்: நாயை அவ தேடுகிறாவா, குட்டி வருமானத்தைத் தேடுகிறாவா? இரண்டுக்கும் தீர்வு வேறு வேறு. வருமானம்தான் நோக்கமென்றால் கருத்தடை செய்த நாய் அவவுக்குப் பயன்படாது, அதை வெளிப்படையாகச் சொன்னாலே கோரிக்கை தணியலாம். நாயைத்தான் தேடுகிறா என்றால், திரும்பவும் கட்டாருக்குப் போவாவா, போனால் யார் பார்ப்பார் என்று கேட்பது உங்கள் உரிமை. அதே தம்பியிடம் விடுவதென்றால் நாய் இன்னொரு கைக்குத்தான் போகும்.

நடுவழியும் உண்டு. நாய் உங்களிடம், அவ ஊரில் நிற்கும் காலத்தில் வந்து பார்க்கலாம், நீங்கள் இடம் மாறினால் அல்லது வைத்திருக்க முடியாமல் போனால் முதலில் அவவிடம் கேட்பீர்கள் என்று எழுதிக்கொடுக்கலாம். ஆனால் நாயை வாரத்துக்கு ஒரு வீடு என்று மாற்றும் ஒழுங்குக்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். காவல் நாய் இரண்டு படலைக்கும் இடையில் குழம்பி, ஒரு வீட்டிலும் ஒழுங்காகச் சாப்பிடாமல், றோட்டில் நிற்கத் தொடங்கும்.

இங்கே வாசிக்கிற மற்றவர்களுக்கும் ஒன்று. பழைய சொந்தக்காரர் நாயைச் சங்கிலியில் பட்டினி போட்டிருந்தால், அதனால் மட்டும் அவருடைய உரிமை போய்விடாது. அவிழ்த்துக்கொண்டு வந்தால் நீங்கள்தான் முறைப்பாட்டுக்குள் வருவீர்கள். 1907ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க விலங்குவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பொலிஸில் முறைப்பாடு செய்து, திகதியோடு படங்களையும் கொடுங்கள். அந்தச் சட்டத்தில் அன்று எழுதிய தண்டம் 100 ரூபாய். இவ்வளவுதானா என்று சலிப்பு வரும். ஆனாலும் அந்த முறைப்பாட்டு இலக்கம் பிறகு நாய் யாரிடம் நிற்பது நல்லது என்று பேசும்போது கை கொடுக்கும்.

---

வாவிக்கரை:

றோட்டில் கண்டெடுத்த நாய்க்கும் இதே கதைதானா? திருப்பெருந்துறைப் பக்கம் கழுத்துப் பட்டியோடு ஒரு நாய் நிற்கிறது, எடுக்கலாமா?

---

வழக்கேடு:

எடுக்கலாம், பாதுகாக்கலாம். உடனே சொந்தமாக்கத்தான் முடியாது. தண்டனைச் சட்டக்கோவையின் 386ஆம் பிரிவு கண்டெடுத்தவரைப் பற்றியும் பேசுகிறது. சொந்தக்காரருக்காகப் பாதுகாக்க எடுத்தால் குற்றம் இல்லை. சொந்தக்காரர் யார் என்று தெரிந்தும், அல்லது கண்டுபிடிக்க வழி இருந்தும், நியாயமான முயற்சி செய்யாமல், நியாயமான காலம் வைத்திருக்காமல் தனக்கென்று எடுத்தால் குற்றம். எத்தனை நாள் என்று இலக்கம் அதில் இல்லை. பட்டி கட்டிய நாய்க்கு யாரோ ஒருவர் இருக்கிறார் என்பதால் உங்கள் முயற்சியும் கூடுதலாக இருக்க வேண்டும். பொலிஸில் பதிவு, கிராம உத்தியோகத்தருக்கு அறிவித்தல், கால்நடை வைத்தியக் கந்தோர், முச்சக்கரவண்டித் தரிப்பிடம், சந்திக்கடை, கோயில், பள்ளிவாசல் அறிவித்தல், பேஸ்புக். ஒவ்வொன்றையும் திகதியோடு படம் எடுத்து வையுங்கள். பட்டியைக் கழற்றி எறியாதீர்கள், அதில் உள்ளாட்சிப் பதிவுத் தகடு தொங்கலாம். 1901ஆம் ஆண்டின் நாய்ப் பதிவுக் கட்டளைச் சட்டப்படி ஆண்டுதோறும் பதிய வேண்டிய இடம் மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை. அந்தப் பதிவு காணி உறுதி போல முடிந்த முடிவு இல்லை, ஆனால் நல்ல சான்று. ஆரையூரான், உங்கள் நாய் இன்னும் பதியவில்லையென்றால் பிணக்கு முடிந்த அடுத்த கிழமையே பிரதேச சபைக்குப் போங்கள். பிணக்கு நடக்கும்போது அவசரப்பட்டுப் பதிந்தால் அது சான்றாக எடுபடாது.

---

கால்நடைப் பக்கம்:

எந்த முடிவு வந்தாலும் எழுத்தில் முடியுங்கள். வசனம் இப்படி இருக்கலாம்:

"கீழே ஒப்பமிடும் நான், இங்கு விவரிக்கப்பட்ட நாயின் உரிமையாளர். வேறு எவருக்கும் இதில் உரிமை இல்லை. இன்றிலிருந்து இதன் முழு உரிமையையும் பொறுப்பையும் இன்னாருக்குக் கைமாற்றுகிறேன். பிறகு திருப்பிக் கேட்கமாட்டேன். கருத்தடை செய்யப்பட்டது எனக்குத் தெரியும், அது பற்றி நட்டஈடு கோரமாட்டேன்."

இரண்டு பக்கத்தின் அடையாள அட்டை இலக்கம், நாயின் நிறம், அடையாளங்கள், சிப் இருந்தால் இலக்கம், இடப்பக்கம், வலப்பக்கம், முகம் என்று மூன்று படம், திகதி, இரண்டு சாட்சி. அந்த வீட்டின் பெரியவர்கள் எல்லோரும் ஒப்பமிடட்டும். கணவன் கொடுத்து மனைவி கேட்டு வருகிற பிணக்கும், இப்போது உங்களுக்கு வந்திருக்கிற தம்பி–அக்கா பிணக்கும் அந்த இடத்திலேயே நின்றுவிடும். "பொறுப்பையும்" என்ற சொல் கட்டாயம் வேண்டும். ரோமன் டச்சுச் சட்டத்தில் வீட்டு விலங்கு செய்த சேதத்துக்குச் சொந்தக்காரர்தான் பதில் சொல்ல வேண்டும். நாளைக்கு யாரையாவது கடித்தால் யார் சொந்தக்காரர் என்ற கேள்விதான் முதலில் வரும்.

திருப்பிக் கொடுக்க முடிவானால், கடைசி இரண்டு கிழமைக்குள் நாய் யாரையும் கடித்ததா என்று பாருங்கள். கடித்திருந்தால் 14 நாள் கண்காணிப்பு முடியும்வரை இடம் மாற்றாதீர்கள், பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் (பி.எச்.ஐ.) அறிவியுங்கள். விசர்த் தடுப்பூசி, பூச்சி மருந்து, உண்ணி மருந்து கடைசியாகக் கொடுத்த திகதிகளை எழுதிக் கொடுங்கள். முறிந்த காலின் எக்ஸ்ரே படத்தின் பிரதியும் போகட்டும், மூலம் உங்களிடம் நிற்கட்டும். இப்போது சாப்பிடும் சாப்பாட்டையே ஒரு கிழமைக்கு அளந்து கொடுத்துவிடுங்கள். வீடும் மாறி உணவும் மாறினால் வயிற்றோட்டம் வரும், அதையும் உங்கள் தலையில் போடுவார்கள். செலவுக்காசு கேட்பதாக இருந்தால் பில் பிரதிகளைக் கையளிக்கும் பத்திரத்தோடு இணைத்து, காசு கைக்கு வந்தபின் நாயின் கயிற்றைக் கொடுங்கள்.